சுளுக்குதானே!

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் பொங்கல் விளையாட்டு விழாவில் நடந்தது இது. கயிறு இழுக்கும் போட்டி. கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் மறுபக்கம். கல்யாணமானவர்கள் அணியில் கடைசி ஆளாக நின்றவர் மாதுங்காவில் சின்னதாக ஒரு மெஸ் நடத்தும் நண்பர். திருநெல்வேலிப் பக்கம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும் அப்படியே. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் எதிரணி இளைஞர்கள் கயிற்றைச் சட்டென்று விட்டுவிட்டார்கள். (விதிப்படி தவறுதான். விதியை யார் படித்தார்கள்!) அண்ணாச்சி பின்னால் சாய்ந்தபோது அவருடைய வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது.

நான் எலும்பு மருத்துவன். முப்பது வருஷமாக இந்த மும்பையில் அதுதான் பிழைப்பு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கணுக்காலின் இரு புறமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பை அழுத்தினேன், அங்கே வலியில்லை. பாதத்தின் நடுவில் பார்க்கவேண்டிய இரண்டு இடங்களையும் அழுத்தினேன், வலியில்லை. நாலு அடி நடக்கச் சொன்னேன், நொண்டினாலும் நடந்தார். இப்படிச் சோதிப்பதற்கு ஒட்டாவா விதிகள் என்று பெயர். கனடாவின் ஒட்டாவா நகரில் டாக்டர் இயன் ஸ்டீலும் அவருடைய குழுவினரும் 1992ல் வெளியிட்டவை. அதன்படி அண்ணாச்சிக்கு எக்ஸ்ரேகூடத் தேவையில்லை. "ஒண்ணுமில்லே அண்ணாச்சி, சுளுக்குதான். எலும்பு முறியலே" என்று சொல்லி, கிரேப் பாண்டேஜ் சுற்றி, ஐஸ் வைக்கச் சொல்லிவிட்டுச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடப் போய்விட்டேன்.

பத்து மாதம் கழித்து அதே அண்ணாச்சி என் கிளினிக்கில் வந்து உட்கார்ந்தார். "ஸார், காலு மக்கர் பண்ணுது. படி இறங்கையிலே உள்ளுக்குள்ளே சுருக்குன்னு குத்துது. சாயங்காலமானா செருப்புக்குள்ளே கால் நுழைய மாட்டேங்குது" என்றார். கூட வந்திருந்த அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் "நீங்கதானே ஒண்ணுமில்லேன்னீங்க" என்ற கேள்வி இருந்தது. கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

நான் சொன்னது பொய்யல்ல. எலும்பு முறியவில்லை என்பது உண்மைதான். ஆனால் "ஆறு வாரத்தில் சரியாகாவிட்டால் மறுபடி வந்து காட்டுங்கள்" என்ற அடுத்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன்.

கணுக்கால் மூட்டு தச்சு வேலை மாதிரி. மரச்சட்டத்தில் பள்ளம் எடுத்து இன்னொரு கட்டையைச் செருகுவார்களே, அப்படி. காலின் இரண்டு எலும்புகள் சேர்ந்து பள்ளம். அதற்குள் செருகியிருக்கும் கட்டைக்கு டேலஸ் என்று பெயர். உடம்பின் பாரம் முழுவதும் பாதத்துக்கு இறங்கும் வழி இந்தச் சிறு எலும்புதான். ஆனால் இதற்குச் சில குறைகள். ஒரு தசைகூட இதில் வந்து ஒட்டுவதில்லை. மேற்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கைக் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. ரத்தக் குழாய்கள் குருத்தெலும்பின் வழியே நுழைய முடியாது. மிச்சமிருக்கும் சிறிய இடங்கள் வழியாகத்தான் நுழையவேண்டும். ஆகவே ரத்த ஓட்டம் சுமார்தான். ரத்தம் குறைந்த இடத்தில் காயம் மெதுவாகத்தான் ஆறும்.

குருத்தெலும்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டுக்கால் சூப் வைக்கிற வீடுகளில் எலும்பின் முனையில் வெள்ளையாக, வழவழவென்று ஒரு பூச்சைப் பார்த்திருப்பார்கள். (சைவர்கள் என் வார்த்தையை நம்ப வேண்டியதுதான்.) முழங்கால் சில்லின் பின்பக்கம் அது 5 மில்லிமீட்டர்கூட இருக்கும். கணுக்காலிலோ ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். இதில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ரத்தம் இல்லாததால் தானாக ஒழுங்காக வளராது. நரம்பு இல்லாததால் அடிபட்டால் சத்தம் போடாது. இந்த இரண்டாவது குணம்தான் ஆபத்து. குருத்தெலும்பு மட்டும் கிழிந்தால் வலி சொற்பமாக இருக்கலாம். அடியில் இருக்கும் எலும்பு பாதிக்கப்பட்ட பிறகு, அல்லது மூட்டின் உள்சவ்வு வீங்கிய பிறகுதான் குத்தல் வரும். வலியைக் கொண்டு சேதத்தை அளக்க முடியாது. வலியால் துடிப்பவருக்குச் சின்னக் கீறலாக இருக்கும். லேசாகக் குத்துகிறது என்பவருக்கு உள்ளே குழி விழுந்திருக்கும்.

பாதம் மடங்கும்போது டேலஸ் தன் பள்ளத்துக்குள் சாய்ந்து சுவரில் இடிக்கிறது. அமெரிக்க மருத்துவர்கள் பெர்ண்ட், ஹார்ட்டி இருவரும் துண்டிக்கப்பட்ட கால்களை வெவ்வேறு கோணங்களில் மடக்கிப் பார்த்து, 1959ல் இதை விளக்கினார்கள். பாதம் மேல்நோக்கி இருக்கும்போது உள்ளே மடங்கினால் வெளிப்பக்க ஓரத்தில் அடி. கீழ்நோக்கி இருக்கும்போது மடங்கித் திருகினால் உள்பக்கத்தில். சேதத்தை நான்கு படிகளாகவும் அவர்களே பிரித்தார்கள். எலும்பு நசுங்கியது முதல் படி. பாதி பெயர்ந்த சில்லு இரண்டாவது. முழுவதும் பெயர்ந்தும் இடத்தைவிட்டு நகராதது மூன்றாவது. நகர்ந்து மூட்டுக்குள் அலைவது நான்காவது. இன்று எம்.ஆர்.ஐ. வந்து பல புதிய பிரிவுகள் ஏற்பட்டுவிட்டாலும், நாங்கள் பேச ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்த நாலு படியிலிருந்துதான்.

முதல் படியை எக்ஸ்ரே பல சமயம் காட்டாது. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. "எக்ஸ்ரே எடுத்தாச்சு, நார்மல்" என்று கவரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கவர் சொல்வது எலும்பு இரண்டாகவில்லை என்பதை மட்டும்தான்.

இனி முக்கியமான கேள்வி. ஒரே மாதிரி கால் மடங்கிய பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் உள்ளே இப்படிக் கெட்டுப்போகிறது? கெட்டவர்களிலும் ஒருவருக்குக் கீறல், இன்னொருவருக்குக் குழி, ஏன்?

சில காரணங்கள் நம் கையில் இல்லை. அடி எந்த இடத்தில் விழுந்தது என்பது ஒன்று. டேலஸின் மேற்பரப்பை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, 400க்கும் மேற்பட்ட நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2007ல் வந்தது. பாதிக்கும் சற்று மேற்பட்டவை உள்பக்க நடுக்கட்டத்தில் இருந்தன. உள்பக்கத்தில் வருபவை பெரியவை, ஆழமானவை, கிண்ணம் மாதிரி குழிந்தவை. வெளிப்பக்கத்தில் வருபவை அப்பளத்தின் ஓரம் உடைந்த மாதிரி மெல்லியவை. ஆனால் மெல்லியது சுலபமாகப் பெயர்ந்துகொள்ளும்.

அளவு இன்னொன்று. கொரியாவில் சோய் என்பவரும் கூட்டாளிகளும் 120 கணுக்கால்களைப் பார்த்து 2009ல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: சேதம் 150 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினால் சாதாரண அறுவைச் சிகிச்சை பலிப்பது குறைகிறது. அதாவது சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய வட்டம். 2017ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் அந்தக் கோட்டை இன்னும் கீழே, 107 சதுர மில்லிமீட்டருக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான்.

வயதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எலும்பு வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு ஓய்விலேயே ஆறும் வாய்ப்பு அதிகம். நாற்பது, ஐம்பது தாண்டியவர்களின் குருத்தெலும்பு ஏற்கெனவே சற்றுக் களைத்திருக்கும். ஆனால் வயதை மட்டும் காரணமாகச் சொல்லிக் கைவிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அறுபது வயதில் நல்ல கணுக்காலும், இருபத்தைந்து வயதில் பாழான கணுக்காலும் என் கிளினிக்கில் தினசரிக் காட்சி.

நம் கையில் இருக்கும் காரணங்களுக்கு வருவோம். என் அனுபவத்தில் இவைதான் கணக்கைத் தீர்மானிக்கின்றன.

அண்ணாச்சியிடம் கேட்டேன்: "பொங்கலுக்குப் பிறகு எத்தனை தடவை மடங்கிச்சு?" "அப்படி ஒண்ணும் இல்லியே ஸார்" என்றார். அவர் மனைவி விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பெயர்ந்த கல்லில் ஒரு தடவை. தாதர் ஸ்டேஷன் பாலத்தில் கூட்டத்தோடு இறங்கும்போது ஒரு தடவை. அரிசி மூட்டையோடு கடைப்படியில் ஒரு தடவை. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய குழியில் இரண்டு தடவை. ஆக ஐந்து. ஒவ்வொரு முறையும் மஞ்சளும் சுண்ணாம்பும் பற்றுப் போட்டு மறுநாள் காலை நாலரைக்கு இட்லிக் கொப்பரை முன் நின்றிருக்கிறார். நடுவில் ஊருக்குப் போனபோது சுளுக்கு வழிக்கிறவரிடம் காட்டி நன்றாக எண்ணெய் போட்டு இழுத்தும் விட்டிருக்கிறார்கள். வழிப்பதால் நீர் குறையும், சுகமாகவும் இருக்கும். பழைய பிடிப்புக்கு நான் குறுக்கே நிற்பதில்லை. ஆனால் கிழிந்த தசைநாணைப் புதிதில் இழுத்துவிட்டால் அது நீண்ட நிலையிலேயே ஆறிவிடக்கூடும்.

அந்தத் தசைநாண்தான் விஷயம். கணுக்காலின் வெளிப்பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும் நார்கள் முதல் மடங்கலில் கிழிகின்றன. அவை உறுதியாக ஆறாவிட்டால் டேலஸ் தன் பள்ளத்துக்குள் ஆட ஆரம்பிக்கிறது. ஆட்டம் சிறிதுதானே என்று நினைக்கக்கூடாது. டேலஸ் ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தால் மூட்டில் எலும்பும் எலும்பும் சேரும் பரப்பு 42 சதவீதம் குறைகிறது என்று ராம்ஸி, ஹாமில்டன் இருவரும் 1976ல் அளந்து காட்டினார்கள். பாரம் அதே, தாங்கும் இடம் பாதியை நெருங்குகிறது. அதன்மேல் ஒவ்வொரு புது மடங்கலும் பழைய காயத்தில் சுத்தியால் தட்டுகிற மாதிரி. முழங்காலில் தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருவது. கணுக்காலில் வரும் தேய்மானமோ பெரும்பாலும் பழைய அடியின் வாரிசு.

அடுத்தது காலம். கீறல் விழுந்த குருத்தெலும்போடு நடந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? மும்பையில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மாடி வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் லேசாக விரிசல் விடுகிறது. மேலே பார்த்தால் ஒன்றுமேயில்லை. கொஞ்ச நாளில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பரவி, பூச்சு உதிர்ந்து, சொஸைட்டி மீட்டிங்கில் சண்டை. கணுக்காலிலும் அதேதான் நடக்கிறது என்பது ஆம்ஸ்டர்டாம் நகரின் டாக்டர் வான் டைக் 2010ல் முன்வைத்த விளக்கம். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் மூட்டு நீர் அழுத்தத்தோடு விரிசல் வழியே எலும்புக்குள் தள்ளப்படுகிறது. எலும்பு கரைந்து நீர்ப்பை உண்டாகிறது. மேலே மிளகளவு விரிசல், கீழே கொண்டைக்கடலை அளவு பொந்து! எலும்புக்கு நரம்பு உண்டு. அந்த அழுத்தம்தான் உள்ளே குத்தும் வலி. அண்ணாச்சியின் "சுருக்" அதுதான்.

பிறகு எடை. நடக்கும்போது கணுக்கால் தாங்குவது உடல் எடையை அல்ல, அதைப்போல் சுமார் 5 மடங்கை. அண்ணாச்சியின் எடை 86 கிலோ. ஒவ்வொரு அடிக்கும் 430 கிலோ, அந்தப் பொத்தான் அளவு இடத்தைச் சுற்றி. எடை கூடியவர்களுக்குக் கணுக்காலின் ஆட்டமும் அதிகம், அறுவைக்குப் பிறகு தேறுவதும் மெதுவாகலாம். குதிகால் பிறவியிலேயே சற்று உள்பக்கம் சாய்ந்திருந்தால் பாரம் ஒரே பக்கம் விழும். பழைய செருப்பின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அது ஒரு துப்பு. புகைப்பவர்களுக்கு எலும்பு ஆறுவது தாமதம். அதைப்பற்றி நான் சொல்லி யாரும் விட்டதில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். உள்பக்க நடுப்பகுதியில் 11க்கு 9 மில்லிமீட்டர் சேதம். ஏறத்தாழ 78 சதுர மில்லிமீட்டர். அடியில் ஒரு நீர்ப்பை. வெளிப்பக்கத் தசைநாண் தொளதொளவென்று. கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறோம் என்று அவருக்குச் சொன்னேன். ஆனால் அறுவை செய்தால் ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றக்கூடாது. அண்ணாச்சி எழுந்தே விட்டார். "ஆறு வாரம் கடை மூடினா ஆபீஸ்காரங்க வேற மெஸ்ஸுக்குப் போயிருவாங்க ஸார். அப்புறம் காலு இருந்து என்ன பண்ண?"

அதற்கு என்னிடம் பதிலில்லை. மூன்று மாதம் வேறு வழி பார்ப்போம் என்று பேசி முடித்தோம். கணுக்காலைப் பிடித்து வைக்கும் பெல்ட், எடைக் குறைப்பு, தசைப்பயிற்சி. ஏழு கிலோ குறைத்தார். ஒவ்வொரு அடிக்கும் 35 கிலோ மிச்சம். ஆட்டம் குறைந்தது, வீக்கம் குறைந்தது. குத்தல் மட்டும் போகவில்லை. நீர்ப்பை அப்படியே இருந்தது. கடைசியில் முடிவு செய்தவர் அண்ணாச்சியல்ல, அவர் மனைவி. "நான் பாத்துக்கிடுதேன், நீங்க படுங்க" என்றார். ஊரிலிருந்து அவருடைய தம்பி வந்து கொப்பரை முன் நின்றார்.

இரண்டு சிறு துளைகள் வழியே கேமராவும் கருவியும் செலுத்தி, கெட்ட குருத்தெலும்பைச் சுரண்டி, நீர்ப்பையைக் காலி செய்து, எலும்பில் சிறு சிறு துளைகள் போடுவது இந்தச் சிகிச்சை. துளை வழியே மஜ்ஜை ரத்தம் கசிந்து உறைந்து புதுத் திசுவாக மாறுகிறது. வருவது அசல் குருத்தெலும்பு அல்ல. நார் கலந்த ஒட்டு. அதை நான் மறைக்காமல் சொல்லிவிடுவது வழக்கம். அதே மயக்கத்தில் வெளிப்பக்கத் தசைநாணையும் இறுக்கித் தைத்தோம். ஆடுகிற மூட்டில் ஒட்டுப் போட்டு என்ன பயன்? பெரிய குழியாக இருந்திருந்தால் முழங்காலிலிருந்து எலும்போடு சேர்த்துக் குருத்தெலும்பை எடுத்து நடவேண்டி வந்திருக்கும். அதில் நல்லாயிருக்கும் முழங்காலுக்கும் ஒரு காயம்.

இங்கே சர்க்கரை நோயுள்ள வீடுகளுக்குத் தனியாக ஒன்று. நெடுநாள் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாத நரம்புகள் மரத்துப்போகும். அவர்களுக்குக் கணுக்காலோ பாதமோ சூடாக, சிவந்து வீங்கி, வலி மட்டும் அதிகமில்லாமல் இருந்தால் அது சுளுக்கு என்று நினைத்து நடக்கவே கூடாது. சார்கோ பாதம் என்று பெயர். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும்போதே மனிதர் மார்க்கெட்டுக்குப் போய் வருவார். காலை ஊன்றாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் விடாதீர்கள்.

மற்றவர்கள் எப்போது மறுபடி காட்ட வேண்டும்? ஆறு வாரமாகியும் மூட்டின் ஆழத்தில் வலி இருந்தால். சாயங்காலம் வீக்கம் வந்தால். நடக்கும்போது ஏதோ சிக்கி விடுபடுகிற மாதிரி இருந்தால். இந்திய முறைக் கழிப்பறையில் உட்கார்ந்து எழும்போது கணுக்கால் முன்பக்கம் பிடித்தால். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாம் முறை மடங்கினால். ஐந்தாம் முறை வரை எண்ண வேண்டாம்.

மடங்காமல் இருக்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. காலையில் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். ஒரு நிமிடம் இது, ஒரு நிமிடம் அது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள வாஷ்பேசின் இருக்கிறது. பழகிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு நின்று பாருங்கள். சுளுக்குத் திரும்ப வருவதைச் சமநிலைப் பயிற்சி குறைக்கிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. செலவு பற்பசை மட்டும். முதுமையில் தடுமாறுபவர்களும், சர்க்கரையால் பாதம் மரத்தவர்களும் தனியாகச் செய்யவேண்டாம்.

அண்ணாச்சியின் மெஸ் நடக்கிறது. ஆறு வாரத்தில் வாடிக்கையாளர்கள் ஓடிவிடவில்லை. மைத்துனரின் சட்னி நன்றாயிருக்கிறது என்று சிலர் சொன்னதில்தான் அவருக்கு வருத்தம். கொப்பரை முன் அவர் இப்போது நாள் முழுக்க நிற்பதில்லை. உயரமான ஸ்டூல் ஒன்று செய்து கல்லாவில் போட்டுக்கொண்டிருக்கிறார். பெருமழை நாட்களில் கணுக்கால் கொஞ்சம் முனகுகிறதாம்; படி இறங்கும்போது குத்துவதில்லை. நான் அன்று சொல்லாமல் விட்ட அந்த வாக்கியம் பத்து மாதத்துக்கு முன் அவர் காதில் விழுந்திருந்தால் அறுவை இல்லாமலே தப்பியிருப்பாரா? நீர்ப்பை வருவதற்கு முன் பிடித்திருப்போம், ஐந்து மடங்கலில் நான்கையாவது தடுத்திருப்போம் என்று மட்டும் சொல்லமுடியும்.

சென்ற பொங்கல் விழாவிலிருந்து முதலுதவிப் பெட்டியில் ஒரு கட்டுத் துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். யாருக்குக் கால் பிசகினாலும் பாண்டேஜோடு அதில் ஒன்று. அன்றிலிருந்து ஆறு வாரம் கழித்து வரும் தேதியை அதில் நானே எழுதிக் கொடுக்கிறேன். சென்ற முறை மூன்று சீட்டுகள் போயின. கயிறு இழுக்கும் போட்டிக்கு நடுவர் அண்ணாச்சி. கயிற்றை விடுகிற அணிக்கு மதியச் சாப்பாடு கிடையாது என்று விசிலடிப்பதற்கு முன்பே அறிவித்துவிட்டார்.